ஒரு நாழிகை ஏச்சு

இப்படி உட்காருங்கள் தம்பி, இடம் இருக்கிறது. பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், உள்ளே தூக்குச்சட்டி இருக்கிறது. அப்படியே இந்தத் தண்ணீர் பாட்டில் மூடியையும் கொஞ்சம் திருகிக் கொடுங்கள். என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அவசரப்படாதீர்கள். கருங்கால் அணை வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

நான் என் தங்கச்சியை ஏசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். நானாகப் போகவில்லை, கூப்பிட்டிருக்கிறார்கள். அணைச் சபையிலிருந்து முத்திரை குத்திய கடுதாசி வந்தது. இந்த பஸ்ஸுக்குச் சீட்டும் அவர்களே அனுப்பினார்கள். ‘உலகம்மாள், வயது ஐம்பத்தெட்டு, பகைத்தவர் என்ற முறையில் நேரில் வந்து, ஒரு நாழிகை நேரம் தங்களுக்குத் தோன்றியதைப் பேசலாம்’ என்று அச்சடித்திருக்கிறது. தோன்றியதையாம்! எனக்குத் தோன்றியதைப் பேச ஒரு நாழிகை பத்துமா? இருபத்துநாலு நிமிஷம், தம்பி. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டையைச் செருமவே அவ்வளவு நேரம் ஆகும்.

கேட்டீர்களா? ‘பயணிகள் குரலைத் தாழ்த்திப் பேசவும்’ என்கிறது. ஓட்டுகிறவன் இல்லாத வண்டிக்கு வாய் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஏ வண்டி! நீ ரோட்டைப் பாரு! நான் மெதுவாகத்தான் பேசுகிறேன்.

எனக்குக் கோபமே வராது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டால் வேறு மாதிரிதான் சொல்லுவார்கள், அது வேறு விஷயம்.

நீங்கள் வெளியூர் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அணைக்கதவுச் சக்கரம் சுற்றுகிற வேலை மனுஷர் கையில்தான் இருக்கிறது. முன்னே மிஷின் கையில் இருந்தது. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் மாறி மாறி அதன் புத்தியைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். ஒருநாள் நடுப்பகலில் எவனுக்குத் தண்ணீர் விடுவது என்று தெரியாமல் அது நின்றேவிட்டது. சரி, மனுஷனை வைப்போம் என்று வைத்தார்கள். அவன் ஒருநாள் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஏழு கதவையும் திறந்துவிட்டான். கீழே இருந்த மூன்று தெரு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. சக்கரத்தில் கை வைக்கிறவர் முதலில் கொடுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

கொடுக்கு என்றால் தேளுக்கு இருக்குமே, அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் இரும்புக் காப்பு. வலது மணிக்கட்டில் பூட்டுவார்கள். உள்பக்கம் ஒரு முள், தலைமுடியில் பாதி கனம் இருக்கும். அதன் நுனியில் நஞ்சு. கடல் நத்தையிலிருந்து எடுத்தது என்று ஒருத்தர் சொல்லுவார், ஆய்வுக்கூடத்தில் வைத்துக் காய்ச்சியது என்று இன்னொருத்தர் சொல்லுவார். ஏறினால் ஆள் சாகமாட்டான். கை சாகும். சக்கரம் சுற்றுகிற கை. கோபக்காரனுக்கு அந்தக் கை எதற்கு என்று கேட்கிறது சட்டம்.

நாடி துடிக்கிறதா, உள்ளங்கை வேர்க்கிறதா, கை வெடுக்கென்று எழும்புகிறதா, மூன்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். மீறினால் உடனே குத்தாது. பூனை மாதிரி ஒரு தடவை உறுமும். பிறகும் அடங்காவிட்டால் இன்னொரு தடவை. மூன்றாவது உறுமலுக்கு அப்புறம் முள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் ‘போதும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் காப்பு தானாகத் திறந்துகொள்ளும். சேதமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வேலை கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்த வார்த்தை என் வாயில் என்றைக்கு வந்திருக்கிறது? பந்தியில்கூட இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறிப்பேனே தவிர, அதைச் சொன்னவள் இல்லை நான்.

யார் கோபமூட்டுவார்கள் என்கிறீர்களா? அதற்கு மூன்று பேர். உன்னைப் பகைத்தவர் ஒருவர், உன்னோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர் ஒருவர், உன்னால் கெட்டவர் ஒருவர். மூன்று பேரையும் ஊர்தான் பெயர் சொல்லும். ஆளுக்கு ஒரு வட்டில் நேரம். ஓட்டை போட்ட செம்பு வட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் நாழிகை முடிந்தது. அந்தக் காலத்தில் வயலுக்கு முறைத்தண்ணீர் அளந்தது அதே வட்டிலால்தான்.

போன வருஷம் நான் மனுப் போட்டேன். நான் இருந்தால் சட்டப்படி தண்ணீர் போகும் என்று ஊருக்கே தெரியும். ஊர்க்கூட்டம் போட்டார்கள். ‘உலகம்மாளால் கெட்டவர் யார்?’ என்று கேட்டார்கள். இருபது பேராவது கை தூக்கியிருப்பார்கள். கூட்டமென்றால் கை தூக்குவது நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம். பிறகு யாரோ ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் இருபது கையும் இறங்கிவிட்டது.

குழல்வாய்மொழி. என் தங்கச்சி.

அவள் என்னால் கெட்டாளாம்!

முதலில் பகைத்தவரைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துரை. வரப்புத் தகராறில் பதினைந்து வருஷமாக என்னோடு பேசாதவன். அன்றைக்குச் சேர்த்துவைத்துப் பேசினான். சபை மண்டபத்தில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீசையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தான்.

‘ஏ உலகு, ஒம் புருஷன் குடிச்சுச் செத்தாம்னு ஊரு சொல்லுது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒங்கிட்ட இருந்து தப்பிச்சுப் போறதுக்கு அவனுக்கு வேற வழி தெரியல, பாவம்.’

காப்பு உறுமவே இல்லை. எப்படி என்று கேளுங்கள். நான் மூன்று மாதம் பழகியிருந்தேன். யாராவது ஏச ஆரம்பித்தால் உடனே மனசுக்குள் ஒரு முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுவேன். ஒவ்வொரு காம்பாக எடுத்து ஒவ்வொரு இலையாக உருவுவேன். அந்த வேலை நடக்கும்போது எனக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. அவன் பேசப் பேச நான் உருவிக்கொண்டே இருந்தேன். வட்டில் பாதி நிறைவதற்குள் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் கேட்டான். ‘பாவம், குடுங்கய்யா’ என்று நானே சொன்னேன். மண்டபமே சிரித்தது.

அவன் சொன்ன எதையும் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மொத்தம் இருபத்தாறு. வேண்டுமென்றால் வரிசையாகச் சொல்லுகிறேன்.

இரண்டாவது என் மகன் சொரிமுத்து. பெற்ற பிள்ளை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ‘எதையாவது பேசுலே, சட்டம்லா’ என்றேன்.

‘எம்மா, ஒன் செருப்புச் சத்தம் கேட்டா நம்ம நாயி தட்டுச் சோத்தை வுட்டுட்டு கட்டிலுக்கு அடியில போயிருது. நாயிக்குப் போக எடம் இருக்கு. நான் எங்க போவேன்?’

எப்படிப் பொய் சொல்லுகிறான் பாருங்கள்! அந்த நாய்க்குக் காது செவிடாகி இரண்டு வருஷம் ஆகிறது. சத்தம் கேட்டு ஓடுகிறதாம்! தரை அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளுகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், ஒரு உறுமல் உறுமிவிட்டது. ஒன்றுதான். உடனே கீரையை எடுத்துவிட்டேன். அவனோ அந்த மூன்று வாக்கியத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘எனக்கு இதுக்கு மேல வரல, சார்’ என்று எழுந்து போய்விட்டான். மீதி நேரம் வட்டில் சும்மா நிறைந்தது. வளர்த்தவளுக்குத்தான் தெரியும், அவனுக்கு எதையும் முழுசாகச் செய்து பழக்கமில்லை.

ஆக, இரண்டு வட்டில் முடிந்தது. சபைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சக்கரத்தின் இரும்புக் குளிர்ச்சி என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவள் வந்தாள்.

பத்து வருஷம் கழித்து நேருக்கு நேர். என்னைவிட நாலு வயது சின்னவள். பார்த்தால் நாலு வயது மூத்தவள் மாதிரி இருந்தாள். சாயம்போன சேலை, கையில் கம்பி முறிந்த குடை. நல்லா வேணும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, தோன்றியது. இரண்டும் வேறு.

உட்கார்ந்தாள். குடையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

‘சாப்பிட்டியாக்கா?’

இதுதான் அவள் கேட்டது. சத்தியமாகச் சொல்லுகிறேன், ஏச வந்தவள் கேட்டது இதுதான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பேச்சே இல்லை. வட்டிலுக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் மட்டும்தான். சபைக்காரர் ஒருவர், ‘அம்மா, உங்க நேரம் ஓடுது’ என்றார். ‘ஓடட்டும்யா’ என்றாள். மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஏசினால் கீரை உருவலாம். ஏசாவிட்டால் என்னத்தை உருவ? இருந்தாலும் எடுத்தேன். காம்பை எடுத்து இலையில் விரலை வைத்தேன். வைத்தால், தம்பி, வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று குனிந்து குனிந்து உருவுகிறேன், அந்த நிழல் போகவே மாட்டேன் என்கிறது.

அவள் வட்டிலுக்கு முதல் உறுமல் அங்கேயே வந்துவிட்டது, ஆளுக்கு ஆள் கணக்கு புதிது. அவள் வாயையே திறக்கவில்லை, என் காப்பு உறுமுகிறது. மண்டபத்தில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

‘பேசுட்டி’ என்றேன்.

‘என்னத்தப் பேச?’ என்றாள்.

‘என்னால கெட்டவன்னுதான வந்து உக்காந்துருக்க. சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்.’

வட்டிலில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. விளிம்புக்கு இன்னும் ஒரு விரற்கடை. ஒரே ஒரு விரற்கடை! சக்கரம் எனக்குத்தான் என்று இருக்கும்போது, மெதுவாகச் சபைக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

‘எனக்கு அக்கா மேல கோவம் ஒண்ணும் இல்லய்யா. அதெல்லாம் அப்பமே மன்னிச்சாச்சு. சக்கரத்த அவகிட்டயே குடுங்க.’

மன்னிச்சாச்சாம்!

நீங்களே சொல்லுங்கள். தப்புச் செய்தவரைத்தானே மன்னிப்பார்கள்? நான் என்ன தப்புச் செய்தேன்? ஊர் நிறைந்த சபையில் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு நீட்டுகிற மாதிரி மன்னிப்பை நீட்டினால், நான் வாங்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டுமா? இரண்டாவது உறுமல் வந்தது. ‘போதும்னு சொல்லுங்கம்மா, எந்திரிச்சிருங்க’ என்று சபைக்காரர் கத்தினார். மூன்றாவதும் உறுமியது. எனக்கு அது ஏதோ தெருவில் போகிற பூனைச் சத்தம் மாதிரி கேட்டது. எழுந்துவிட்டேன். கையை நீட்டி, ‘யாருட்டி நீ என்னை மன்னிக்க?’ என்றேன்.

எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. கை குளிர்ந்தது. அப்புறம் கை இருக்கிற இடமே தெரியவில்லை. நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. பாருங்கள், இதோ, முந்தானைக்குள்ளே வைத்திருக்கிறேன். இன்றைக்கும் மடங்காது. யாரையோ காட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறதா? வீட்டில் சொரிமுத்து இந்தப் பக்கம் உட்காருவதே இல்லை.

நான் விழுந்ததும் முதலில் ஓடிவந்தவள் அவள்தான். சேலை ஓரத்தைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அதனால்தான் நஞ்சு முழங்கைக்கு ஏறவில்லை, கட்டினவங்க புண்ணியம் என்று டாக்டர் சொன்னார். முழங்கை தப்பியது அவளால் என்றால் விரல் போனது யாரால் என்று கேட்டேன். டாக்டர் ஒன்றும் பேசவில்லை. படித்தவர், எங்கே வாயை மூடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஏ வண்டி, நீ ஒருதரம் சொன்னது கேட்டுவிட்டது! சும்மா சும்மா தாழ்த்து தாழ்த்து என்றால்? இறக்கிவிடுவாயோ? இறக்கிவிட்டுப் பார்!

இதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஏசுகிற வட்டிலில் ஏசாமல் உட்கார்ந்தவள் இதுவரை ஒருத்திகூட இல்லையாம். சபைக்காரர்கள் அவள் வீட்டுக்கே போய், ‘நீங்களே மனுப் போடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு மாசம் மாட்டேன் மாட்டேன் என்று பிகு பண்ணிவிட்டு, போட்டுவிட்டாள். இன்றைக்கு அவள் உட்காருகிறாள். அவள் கையில் கொடுக்கு. பகைத்தவர் இடத்துக்கு ஊர் என் பெயரைச் சொல்லியிருக்கிறது. உன்னால் கெட்டவர் என்ற இடத்துக்கு ஆளே கிடைக்கவில்லையாம், காலியாக விட்டிருக்கிறார்கள். என் கையைக் காட்டி, அந்த இடமும் எனக்குத்தான் என்று எழுதிக் கேட்டேன். ஒருவருக்கு ஒரு வட்டில்தான் என்று திருப்பிவிட்டார்கள். நியாயம் செத்துப்போன ஊர்.

அவள் ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? என் வயல் கடைமடை. சக்கரம் அவள் கையில் இருந்தால் எனக்கு ஒரு சொட்டு வருமா? நான் அவள் இடத்தில் இருந்தால் விடவே மாட்டேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்லுகிறேன்.

அப்படி அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கண் கேட்கிறதே. சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள், அவ்வளவு சின்ன விஷயம்.

அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்கும்போது குலசாமிக்கு வைத்த பிறகு முதல் பாக்கு மூத்தவளுக்கு. இவள் வருகிற வழியில் இருக்கிறதே என்று நாத்தனார் வீட்டில் முதல் பாக்கை வைத்துவிட்டு, இரண்டாவதாக என் வீட்டுக்கு வருகிறாள். வழியில் இருந்ததாம்! வழியில் குப்பைத்தொட்டிகூட இருந்தது, அதற்கும் வைத்திருக்கலாமே? நான் ஒரு வார்த்தை ஏசவில்லை. தாம்பாளத்தைத் தொடவும் இல்லை. எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் ஒரே கிளைவாய்க்கால். அதன் மடைச்சாவி மூத்தவள் என்பதால் என்னிடம் இருந்தது. அடைத்தேன்.

பத்தொன்பது நாள்தான். என்னமோ வருஷக்கணக்கில் அடைத்த மாதிரி பேசுகிறார்கள். நெல் பால் பிடிக்கிற சமயம் என்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? அவள் பாக்கு வைக்க வந்த நாள் அப்படி. பத்தொன்பதாம் நாள் நானாகவே போய்த் திறந்துவிட்டேன். மனசு இல்லாதவளா நான்? அதற்குள் பயிர் பதராகிவிட்டது. வயலை விட்டுவிட்டுப் புருஷனும் பொண்டாட்டியும் உப்பளத்து வேலைக்குப் போனார்கள். இரண்டாம் வருஷம் அவள் புருஷன் சிவனணைந்தான் செத்துப்போனார். மாரடைப்பு. தண்ணீருக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரையே கேட்டேன். அவரும் சம்பந்தம் இல்லை என்றுதான் சொன்னார். இரண்டு டாக்டரைக் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றா? சும்மாதான்.

இந்த நாலு மாசமாக இன்றைய வட்டிலுக்குத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஏசிப் பார்த்தேன். மூதேவி, குடிகெடுத்தவள், அடுத்தவள் கையைத் தின்றவள், எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு இதெல்லாம் உறைக்காது. உப்பளத்து வெயிலில் நின்ற தோல். ஆனால் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொன்னால் மூன்று உறுமலும் ஒன்றாக வந்துவிடும். எனக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். வட்டில் விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, அவள் எனக்குச் செய்த அதே இடத்தில், எடுத்து வைக்கப்போகிறேன்.

மடையை அடைத்த பதினாறாம் நாள் அவர் வந்தார். சிவனணைந்தான். நல்ல வெயில். நான் முற்றத்து நிழலில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றுகொண்டு, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

‘மதினி, பயிரு பால் பிடிக்குது. ரெண்டே ரெண்டு நாளைக்குத் தொறந்துவிடுங்க. பொறவு வருசம் பூரா அடைச்சுக்கிடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.’

நான் நிமிரவில்லை. கீரை பாதிதான் முடிந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நிழல் மட்டும் என் காலடிவரைக்கும் நீண்டு கிடந்தது. அப்புறம் அந்த நிழல் சட்டென்று குட்டையாகிவிட்டது. பார்த்தால், வாசல் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார். என்னைவிடப் பெரியவர், தம்பி. ஆறடி ஆள். நாலு ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்லுகிறவர்.

எழுந்து நெஞ்சில் ஒட்டின புழுதியைத் தட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்.

‘குழலுக்குத் தெரிய வேண்டாம் மதினி. அவ ஒங்க கால்ல விழுந்தாலும் விழுந்துருவா. நான் விழுந்தது தெரிஞ்சா தாங்க மாட்டா.’

போய்விட்டார். நான் மிச்சக் கீரையை உருவினேன். அன்றைக்குக் குழம்பு நன்றாகவே இல்லை.

இதுதான். இதைத்தான் இன்றைக்குச் சொல்ல இருந்தேன். ‘ஒம் புருஷன் என் வாசல் புழுதியில விழுந்து கெடந்தாரு, நான் கீரை உருவிக்கிட்டு இருந்தேன்’ என்று இரண்டு வரி. கொடுக்கில் இருக்கிற நஞ்சுக்காவது மேலே ஏறாமல் ஒரு கட்டுப் போடலாம், இதற்குப் போட முடியாது. அவள் கை போய்விடும், தம்பி. நிச்சயமாகப் போய்விடும்.

என்ன? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஐயோ, உங்களிடம் சொல்லிவிட்டேனே! பெயர்கூடத் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, உங்களிடம் போய்! பதினோரு வருஷம் பெற்ற பிள்ளையிடம் சொன்னதில்லை, கண்ணாடி முன்னால்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை! எல்லாம் உங்களால் வந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் பாட்டுக்கு உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? நீங்களும் அவளை மாதிரிதான். அதே கூட்டம்.

சொன்னதும் என்ன ஆகிவிட்டது பாருங்கள். வாய் சப்பென்று இருக்கிறது. இனி அங்கே போய் இதையே இன்னொரு தடவை எப்படிச் சொல்ல? முனை மழுங்கிவிட்டதே. அவர் புழுதி தட்டினது வேறு கண்ணிலேயே நிற்கிறது. இத்தனை நாள் இந்த மனுஷன் இவ்வளவு கிட்டே வந்ததில்லை.

அழவில்லை. வண்டியில் குளிர்காற்று அதிகம். ஏ வண்டி, காற்றைக் குறை!

என்ன சொல்லுகிறது? அடுத்த நிறுத்தம் அணையா? அதற்குள்ளா? முக்கால் மணி நேரம் என்றேனே. அந்தத் தூக்குச்சட்டியை எடுங்கள். மூடியைத் திறந்து குழம்பு சிந்தியிருக்கிறதா பாருங்கள். முருங்கைக்கீரைதான். ஒரு கையால் உருவியது, காம்பு கிடக்கும். அதிலேயே பாதிக் காலைப்பொழுது போய்விட்டது. அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக ஒன்றும் கொண்டுபோகவில்லை. பரீட்சைக்கு உட்காருகிறவள் வீட்டில் சாப்பிட்டிருக்க மாட்டாள், எனக்குத் தெரியாதா? நானே சாப்பிடவில்லையே.

போனதும் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? எதிரே உட்காருவேன். ‘சாப்பிட்டியாட்டி?’ என்பேன். அவ்வளவுதான். அப்புறம் வட்டில் மூழ்குகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பேன். அவள் எனக்குச் செய்த அதே கொடுமை. ஒரு நாழிகை முழுசும் அனுபவிக்கட்டும். அப்போது தெரியும் இந்த உலகம்மாள் யார் என்று.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று நினைக்கிறீர்கள். முடியும். எனக்கா கோபம் வரும்?

நில்லுங்கள், நில்லுங்கள், வண்டி நிற்கட்டும். பையை நீங்கள் தூக்கிவிட்டீர்களா? சரி, படிவரைக்கும் கொண்டுவாருங்கள். இந்தக் கையைப் பிடிக்காதீர்கள், இதில் ஒன்றும் தெரியாது. அந்தக் கையைப் பிடியுங்கள். மெதுவாக. இன்னும் ஒரு படி இருக்கிறதா? ம். பையைத் தோளில் மாட்டிவிடுங்கள், சட்டி சாயாமல். நீங்கள் எதற்கு இறங்குகிறீர்கள்? உங்களுக்கு அணையில் என்ன வேலை? மண்டபம் அதோ தெரிகிறது, நானே போய்க்கொள்ளுவேன்.

போதும் தம்பி. போதும்.